வெளிவராத நான்காம் பதிப்பு

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த பெண்ணை வேலைக்கு எடுக்கத் தொழிற்சாலைகள் தயங்கிய காலம். கிண்டியிலும் மறைமலைநகரிலும் நேர்முகத்துக்குப் போய்ப் போய் அலுத்து, கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகு, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பல்லாவரத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு பீர்க்கன்கரணையில். பெருங்களத்தூரில் மின்ரயில் ஏறினால் பல்லாவரத்தில் இறங்கி நடந்துவிடலாம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து, பழைய மிக்ஸிகளையும் கிளிக்கூண்டுகளையும் தாண்டி வர நேரமாகிவிடும். தாமதமானால் முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். அவரே அந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தா உழுத நிலம் மனைகளாகிப் போனதில் வந்ததைக் கொண்டு அவர் அப்பா அச்சகம் வைத்தார். இவர் அதைப் பதிப்பகமாக்கினார். எந்தக் கல்லூரியில் எந்தப் புத்தகம் போகும் என்பது அவருக்கு அத்துப்படி. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் என்னை வைத்துக்கொண்டார்.

பாலிடெக்னிக் பாடப்புத்தகங்கள், தேர்வு வினாவிடைகள் என்று பல இருந்தாலும் எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு புத்தகம்தான். பம்புகளையும் குழாய்களையும் பற்றிய கைந்நூல். கருநீல ரெக்ஸின் அட்டை, பேண்ட் பாக்கெட்டில் நுழைகிற அளவு. இந்த அளவு குழாயில் இவ்வளவு தண்ணீர் போனால் எவ்வளவு அழுத்தம் குறையும், இந்த உயரத்துக்கு ஏற்ற எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போடாமல் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மாணவர்கள் தேர்வுக்கு எடுத்துப் போவார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் சூப்பர்வைசர்களின் கையில் சிமெண்ட் படிந்து கிடக்கும். நானே கல்லூரியில் அதைப் பயன்படுத்தியவள். அதன் அடுத்த பதிப்பைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எதிர்பார்த்த தொழிற்சாலை வேலை கிடைக்காத குறை அன்றோடு தீர்ந்தது.

மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு என்பதை முதல் மாதமே கற்றுக்கொண்டேன். கையிருப்பு தீர்ந்ததும், பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கும் பழைய ஃபிலிமிலிருந்தே மறுபடி அடிப்பது மறு அச்சு. அதில் ஒரு எண்ணை மாற்றலாம், ஒரு வரியை வெட்டி அதே நீளத்தில் இன்னொரு வரி ஒட்டலாம். அதற்கு மேல் கை வைத்தால் பக்கம் நகரும், பக்கம் நகர்ந்தால் பின்னால் இருக்கும் அட்டவணை எல்லாம் நகரும். மற்ற எல்லாத் திருத்தமும் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது மூன்றாம் பதிப்பு. அதற்கு வாசகர்கள் எழுதி அனுப்பிய திருத்தங்களை எடுத்துப் பிரித்து, இது இப்போதே போகலாம், இது நான்காம் பதிப்புக்கு என்று ஒதுக்குவதுதான் என் வேலையின் தொடக்கம்.

நூலாசிரியர்கள் இருவர். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தின் எழுத்து முழுவதும் அவருடையது. மாடியில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. வடிவமைப்புப் பொறியாளர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. வரைபடங்களும் அட்டவணைகளும் அவர் கைவேலை. அலுவலகத்தில் அவர்களைக் கீழ்வீட்டு சார், மாடி சார் என்றுதான் சொல்வோம். எனக்கு அந்தப் பெயர்களே பழகிவிட்டன.

முதல் சில மாதங்கள் இனிமையாகப் போயின. சனிக்கிழமைகளில் தாம்பரத்தில் பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போவேன். கீழ்வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன் மேல் காகிதங்களைப் பரப்புவோம். மாடி சார் படிக்கட்டில் இறங்கி வரும்போதே ஏதாவது ஒரு வாக்கியத்தைக் குறை சொல்லிக்கொண்டு வருவார். கீழ்வீட்டு சார் அதற்குப் பதிலாக ஒரு வரைபடத்தைக் குறை சொல்வார். அந்த அம்மா, ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு அக்கா, இரண்டு பேருக்கும் அடை வார்த்துப் போட்டுவிட்டு, என்னிடம் குழந்தை எப்படியிருக்கிறது என்று விசாரிப்பார். நான்காம் பதிப்பை இரண்டு ஆண்டுகளில் கொண்டுவந்துவிடலாம், அதுவரை மறு அச்சால் ஓட்டலாம் என்று திட்டம் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன்.

சிக்கல் அலகுகளில் வந்தது. மூன்றாம் பதிப்பு பழைய முறையில் இருந்தது: அழுத்தத்துக்குக் கிலோ, மோட்டாருக்குக் குதிரைத்திறன். கல்லூரிகளில் பாடம் முழுவதும் சர்வதேச முறைக்கு, பாஸ்கலுக்கும் வாட்டுக்கும் மாறியாயிற்று. பழைய அலகு இருக்கும் புத்தகத்தைத் தேர்வு அறைக்குள் விடமாட்டோம் என்று சில பேராசிரியர்கள் எங்களுக்கே எழுதியிருந்தார்கள். முழுக்க மாற்றிவிட வேண்டும், பத்து வருடம் கழித்து இந்தக் கிலோக் கணக்கு யாருக்கும் புரியாது என்பது கீழ்வீட்டு சாரின் கட்சி. மாடி சார் ஒப்பவில்லை.

"சைட்ல அழுத்தமானியில அஞ்சுன்னு இருக்கும். புக்குல நானூத்தித் தொண்ணூறுன்னு இருக்கும். வேலை செய்யறவன் எதை மாமா நம்புவான்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் சங்கடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் புத்தகம் பாக்கெட்டில் நுழையாத அளவுக்குப் பெருத்துவிடும். பக்கம் கூடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாரா வாரம் இதே பேச்சு. பேச்சு தடித்துக்கொண்டே போனது. ஒரு சனிக்கிழமை, தட்டில் சாப்பாடு பாதி இருக்கும்போது, கீழ்வீட்டு சார் பொறுமையிழந்தார்.

"புக்கை எழுதினது நான். நீ படம் போட்டுக் குடுத்தே, அவ்வளவுதான். எது எப்படி வரணும்னு நான் சொல்லிக்கறேன்."

தட்டிலேயே கை கழுவும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாடி சார் எழுந்துபோய்க் குழாயடியில் கை கழுவினார், துண்டில் நிதானமாகத் துடைத்தார், மாடிக்குப் போய்விட்டார். அந்த அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து மாடி சார் கீழே இறங்கிச் சாப்பிடவில்லை. அக்கா சாப்பாட்டை அடுக்கில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனார்.

பிறகு நான் தூதாகிப் போனேன். கீழ்வீட்டில் ஒரு அத்தியாயத்தின் புரூஃபைக் கொடுத்து, திருத்தி வாங்கிக்கொண்டு படியேறி மாடியில் காட்டுவேன். மாடியில் வரைபடத்தை வாங்கிக்கொண்டு இறங்கிக் கீழே காட்டுவேன். "அவர் என்ன சொல்றார்?" என்று இரண்டு பேரும் கேட்பார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று பெயரோ உறவோ சொல்லமாட்டார்கள். ஒருவர் சொன்னதில் காரமானதை எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இன்னொருவரிடம் சொல்லப் பழகிக்கொண்டேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சன்னல் உண்டு. அங்கே நின்று என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்த ஒரு கோடையில் அந்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் நின்றுபோனது. பம்புக் கைந்நூல் எழுதிய இருவர் இருக்கும் வீடு. கீழ்வீட்டு சார் அது மாடிக்காரர் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார், மோட்டார் இணைப்பு முதலில் அவர் போட்டதாம். மாடி சார், வீட்டுக்குச் சொந்தக்காரர் கீழேதானே இருக்கிறார், அவர் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார். தொட்டி காய்ந்துபோன பிறகு அந்த அம்மாவே பக்கத்தில் கேம்ப் ரோட்டுக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். நான் போனபோது அவர் மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார். யார் வீடு என்று தெரிந்ததும், "ரெண்டு இஞ்சினீரு கீற வூடு, மோட்டாருக்கு என்னிய கூப்ட்டுகிறீங்களேம்மா" என்று சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. உள்ளே என்னை அழைத்துப் போய்க் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசிட்டா போதும்மா எனக்கு. உங்க புக்கு அப்புறம் மெதுவா வரட்டும்."

எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. அவர்கள் பேசினால்தான் புத்தகம் வரும் என்று நானும் நினைத்தேன். ஆகவே எங்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆண்டுதோறும் கல்லூரி திறக்குமுன் மூன்றாம் பதிப்பையே மறு அச்சுப் போட்டோம். ஒவ்வொரு முறையும் சின்னத் திருத்தங்களை ஒட்டுவேன். ஒதுக்கி வைத்த பெரிய திருத்தங்கள் கூடிக்கொண்டே போயின. ஃபிலிம் தேய்ந்து சில வரைபடங்களின் கோடுகள் மங்க ஆரம்பித்தன. இன்னொரு பதிப்பகம் முழுக்கப் புதிய அலகில் ஒரு கைந்நூலைக் கொண்டுவந்துவிட்டது என்று முதலாளி அதில் ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். வரைபடங்கள் சுமார்தான். ஆனால் கடைகளில் அது போகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. எழுத்தும் கணக்குகளும் முழுக்கப் புது முறையில் இருக்கட்டும். வரைபடத்தில் மட்டும் இடதுபக்கம் புது அளவுகோல், வலதுபக்கம் பழைய அளவுகோல். வலதுபக்க அளவுகோலை இரண்டாவது வண்ணத்தில், மங்கிய சிவப்பில் அடித்தால் கண்ணைக் குழப்பாது, பக்கமும் கூடாது. கூடுதல் வண்ணத்துக்கு முதலாளியைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆயிற்று. கீழ்வீட்டு சார் யோசித்துவிட்டு, எழுத்தில் பழைய அலகு ஒன்றுகூட வரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் மாடிக்குப் போனபோது, மாடி சார் வெண்மையான டிரேசிங் தாளில் முதல் வரைபடத்தைப் போட்டு வைத்திருந்தார். இரண்டு அளவுகோலுக்கும் கோடுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வளைவுகளைப் புதிதாக வகுத்திருந்தார். எந்தப் பழக்கமும் இல்லாத ஒருவர்கூடத் தவறாகப் படிக்க முடியாத படம்.

அதன் பிறகு வேலை ஓடியது. மாடி சார் தன் வயதில் கணினியில் வரையக் கற்றுக்கொண்டார். கீழ்வீட்டு சார் ஒவ்வொரு அத்தியாயத்தையும் மறுபடி எழுதினார். முன்பு சுற்றி வளைத்துச் சொன்ன இடங்களை நேராகச் சொன்னார். மாடியிலிருந்து வரும் படத்தை நான் விரித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். திருத்தம் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்வார். மாடியில் போய் அதை நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக மாற்றிச் சொல்லிவிடுவேன். மாடி சார் நம்பினாரா என்று தெரியாது.

நான்காம் பதிப்பு முழுவதும் முடிந்தது. எல்லாப் பக்கத்திலும் இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். மிச்சம் இருந்தது டைட்டில் பக்கம் ஒன்றுதான்.

முந்தைய பதிப்புகளில் கீழ்வீட்டு சாரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், வரைபடங்கள் என்று போட்டு மாடி சாரின் பெயர். இந்த முறை இரண்டு பெயரும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் வரவேண்டும் என்று மாடி சார் சொன்னார். இத்தனை வருடம் இல்லாத பெயர் ஆசை இப்போது எங்கிருந்து வந்தது என்று கீழ்வீட்டு சார் கேட்டார். அதில் காரத்தை எடுத்துவிட்டு மாடியில் சொல்ல வழியே இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆசை இல்லம்மா. அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னார் பாருங்க, அதை அவர் திருப்பி எடுத்துக்க மாட்டார். அந்தப் பக்கத்துல ஒரே அளவுல போட்டா, எடுத்துக்கிட்டதா நான் நினைச்சுக்குவேன்."

நான் கீழே போய் அதை அப்படியே சொன்னேன். கீழ்வீட்டு சார் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வாரங்கள் போயின. யோசித்துக்கொண்டே இருந்தார். மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. கல்லூரி திறக்கும் மாதம் நெருங்கியது. கையிருப்பு சுத்தமாகத் தீர்ந்தது. முதலாளி தினமும் என் மேசைக்கு வந்து நின்றுவிட்டுப் போவார்.

அந்த நேரத்தில் என் மகளுக்கு அம்மை போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டு விடுப்பில் இருந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவள் பள்ளிக்குப் போன பிறகுதான் அலுவலகத்துக்கு வந்தேன். அலுவலகத்துக்குக் கீழே எங்கள் அச்சகத்தில் கட்டுக்கட்டாகக் கைந்நூல் அடுக்கியிருந்தது. பச்சை அட்டை. அட்டையில் பெரிதாக 'திருத்திய நான்காம் பதிப்பு' என்று இருந்தது. ஒரு நொடி, எனக்குத் தெரியாமல் எல்லாம் சரியாகிவிட்டது போலும் என்று சந்தோஷப்பட்டேன். பிரித்தேன். உள்ளே மூன்றாம் பதிப்பு. அதே தேய்ந்த ஃபிலிம், அதே மங்கிய கோடுகள்.

முதலாளியிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையை மட்டும்தான் மாற்றினேன், உள்ளே இருப்பது நல்ல சரக்குதானே, கடையில் நம் இடம் காலியாக இருந்தால் அடுத்தவன் புகுந்துவிடுவான், உண்மையான நான்காம் பதிப்பு வந்ததும் இதை எடுத்துவிடலாம் என்றெல்லாம் சொன்னார். ஒரு பாதி கடைகளுக்குப் போய்விட்டது என்றும் சொன்னார்.

வேறு யாராவது சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அன்றே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சேலையூருக்குப் போனேன். கீழ்வீட்டு சார் வாங்கி அட்டையைப் பார்த்தார். பிரித்து, முதல் வரைபடம் இருக்கும் பக்கத்துக்குப் போனார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் கவனித்தேன். முதலாளி, சண்டை தீரட்டும் என்று நினைத்தோ என்னவோ, அட்டையில் இரண்டு பெயரையும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் போட்டிருந்தார்.

கீழ்வீட்டு சார் எழுந்து படிக்கட்டடிக்குப் போனார். மேலே பார்த்து, "மச்சான், கொஞ்சம் கீழ வா" என்று கூப்பிட்டார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாடி சார் இறங்கி வந்து, முன்பு எப்போதும் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கீழ்வீட்டு சார் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். மாடி சார் பக்கங்களைப் புரட்டினார். வரைபடங்கள் வரும் இடத்தில் நிறுத்தி, மங்கிப்போன ஒரு கோட்டின் மேல் நகத்தை வைத்துத் தடவினார். புத்தகத்தை மூடிவிட்டு, அட்டையில் தன் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"இதுல என் பேர் வேண்டாம் மாமா" என்றார்.

"பேர் இப்படிப் போட்டா நல்லாத்தான்டா இருக்கு. நான்தான் இத்தனை நாள் பார்க்கலை" என்றார் கீழ்வீட்டு சார். "ஆனா இது நம்ம புக் இல்ல."

அந்த அம்மா வந்து இரண்டு பேருக்கும் தட்டு வைத்தார். எனக்கும் வைத்தார். எனக்கு மட்டும் உள்ளே ஓர் எதிர்பார்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. இனி டைட்டில் பக்கத்துக்குத் தடை இல்லை, ஒரே மாதத்தில் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் இருவரும் ஒரே ஆட்டோவில் பல்லாவரத்துக்கு வந்தார்கள். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். கீழ்வீட்டு சார் உட்காரவில்லை. புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், இனி இங்கே மறு அச்சும் வேண்டாம், பதிப்பும் வேண்டாம் என்றார். முதலாளி பதறிப்போனார். பச்சை அட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிடுகிறேன், உண்மையான பதிப்பை இந்த வாரமே அச்சுக்கு அனுப்புகிறேன் என்றார்.

"அதுக்கு என்னன்னு பேர் போடுவீங்க?" என்று மாடி சார் கேட்டார். "நாலாம் பதிப்புன்னு ஒண்ணு ஏற்கெனவே கடையில இருக்கே."

முதலாளி சற்று யோசித்தார். "அஞ்சாம் பதிப்புன்னு போட்டுடலாம் சார்" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவத்தான் சொன்னார். ஆனால் அப்படிப் போட்டால் அந்தப் பொய் அட்டைதான் நான்காம் பதிப்பு என்று ஆகிவிடும். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துபோனது. கீழ்வீட்டு சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாடி சாரின் தோளில் கை வைத்து, போகலாம் என்றார். அவர்கள் படியிறங்கிப் போவதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். முதலாளி தன் நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஏமாற்றணும்னு செய்யலம்மா, கடை காலியா இருக்கக் கூடாதுன்னு செஞ்சேன் என்றார். அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். சொன்னபடி பச்சை அட்டைகளில் முடிந்தவற்றைத் திரும்ப எடுத்துக் காகிதக் கூழுக்குப் போட்டுவிட்டார். எடுக்க முடியாதவை எங்கெங்கோ போய்விட்டன.

நான்காம் பதிப்பை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று நானே அலைந்தேன். நகரத்தில் இரண்டு பதிப்பகங்களில் பேசினேன். ஒருவர், சந்தையில் வேறு கைந்நூல் நிலைத்துவிட்டது, பழைய புத்தகத்தின் பெயரும் கெட்டிருக்கிறது என்று கையை விரித்தார். இன்னொருவர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடங்களைக் குறைத்தால் போடலாம் என்றார். அதைக் கீழ்வீட்டு சாரிடம் சொன்னபோது அவர் பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். படம் இல்லாமல் புத்தகமே இல்லை என்றார். பக்கத்தில் மாடி சார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை அவருக்கு இனித் தேவையில்லாமல் போயிருந்தது.

அடுத்த கிருத்திகைக்கு அந்த அம்மா என்னையும் மகளையும் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அவர்கள் இருவரும் எங்களுக்கு முன்னால் படியேறினார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்றவர் நின்றார். மேலே கல் தரையில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புக்கு போனா போகட்டும்மா. எனக்கு வீடு திரும்பக் கிடைச்சுது. உனக்குத்தான் வருத்தம், எனக்குத் தெரியும்."

வருத்தம்தான். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பொய் அட்டை வந்த அன்று அவர்கள் பேசிக்கொண்டதை, டைட்டில் பக்கத்தோடு நான் மாடிப்படியில் ஏறியிறங்கிய வாரங்களில் ஒரு நாள் பேசியிருந்தால், இரண்டும் கிடைத்திருக்கும். அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. பக்கங்கள் எல்லாம் தயார், பிழை பார்த்து முடித்து, இரண்டு கையெழுத்தோடு. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அதை முழுதாகப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.

பல்லாவரத்தில் இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். முதலாளி பள்ளிப் பாட உரைநூல்களுக்கு மாறிவிட்டார். கைந்நூலின் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று கேட்டு எங்கிருந்தாவது தொலைபேசி வரும். ஒருமுறை ஓசூரிலிருந்து ஒரு சூப்பர்வைசர் பேசினார். தன் பிரதி மழையில் நனைந்து வீணாகிவிட்டது, பழைய அச்சு ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள் என்று கெஞ்சினார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் இருந்த கல்லூரிப் பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தேன்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் நான் வேலையை விட்டேன். சொல்லிவிட்டு வரச் சேலையூருக்குப் போனேன். இருவரும் முன்கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆட்டக்காரர்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு. நான் கடைசியாக ஒருமுறை நான்காம் பதிப்பைப் பற்றிக் கேட்டேன். கணினிக் கோப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, சொந்தமாகவே கொஞ்சம் பிரதிகள் அடிக்கலாமே என்றேன். கீழ்வீட்டு சார் சிரித்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, இனி யார் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், விட்டுவிடம்மா என்றார். மாடி சார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் கிளம்பியபோது அவர் கேட் வரை கூட வந்தார். நான் செருப்புப் போட்டுக்கொள்ளும் வரை நின்றார்.

"அந்த ரெண்டு ஸ்கேல் படமெல்லாம் நல்லாத்தான் வந்திருந்துது, இல்லம்மா?" என்றார்.

"ரொம்ப நல்லா வந்திருந்தது சார்."

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நான் கேட்டேன்னு அக்காகிட்ட சொல்ல வேண்டாம் என்றார். சொல்லமாட்டேன் என்றேன். உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். நான் தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனைக்கு நடந்தேன்.